பாஸ்கர் தோண்டாத குழி

பாஸ்கருக்கு உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று மனைவி ஜெயலட்சுமி சொல்லுவாள். அதில் மிகையே கிடையாது. திருச்சியில் நடந்த கல்யாணத்தில் அவர் மணையில் நெளிந்த நெளிப்பைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று பெண் வீட்டார் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மனிதர் அதையும் எழுந்து நின்றுதான் குடித்தார். தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடி சாப்பிடுவது, சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிடுவது, போனில் பேசும்போது வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது எல்லாம் அவருடைய கல்யாண குணங்கள்.

இப்படிப்பட்டவரைக் குவைத்துக்குக் கொண்டுபோய், ஃபர்வானியாவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஏசி குழாய் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க ஷெட்டுக்குள் நடந்து, ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமைதான் எமன். தொழுகை முடியும் வரை கடை திறக்காது, தெருவில் ஆள் இருக்காது. பாஸ்கர் வராந்தாவில் நடந்து நடந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கத்தைக் கெடுப்பார்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குக் கிளம்பினார். போகிற போக்கில் தன்னிடமிருந்த மெட்டல் டிடெக்டரைப் பாஸ்கர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீளமான கம்பு, அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டம், காதில் மாட்டிக்கொள்ள ஒரு சாதனம். மண்ணுக்கு மேலே வட்டத்தை ஆட்டிக்கொண்டே நடந்தால், அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் சத்தம் கொடுக்கும். இரும்பு என்றால் உறுமும். தங்கம், செம்பு, நாணயம் என்றால் கிணுகிணுக்கும். நடந்துகொண்டே செய்யும் பொழுதுபோக்கு! பாஸ்கருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமையே ஃபிந்தாஸ் கடற்கரைக்குப் போனார். அங்கே காவலுக்கு இருந்த மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர், ஓடிவந்து மிஷினைப் பிடித்துக்கொண்டார். அரைகுறை இந்தியிலும் அரபியிலும் அரை மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. முடிவில் அவர் போட்ட சட்டம் இதுதான்: அலை நனைக்கிற மணலில் தேடலாம், தோண்டிய குழியை மூடவேண்டும், யாருடைய பொருள் கிடைத்தாலும் தன்னிடம் காட்டவேண்டும். "பீச், மாஷி. சஹ்ரா, மாஃபி!" என்று விரலை ஆட்டினார். கடற்கரை சரி, பாலைவனம் கூடவே கூடாது. பாலைவனத்தில் பழங்காலத்து மேடுகள் உண்டு, அங்கே கிடைக்கிற ஓட்டாஞ்சில்லிகூட அரசாங்கத்துடையது. இன்னொரு பக்கம், இராக்குடன் நடந்த சண்டையில் விழுந்து வெடிக்காமல் கிடக்கிற குண்டுகள். இரண்டில் எதைத் தொட்டாலும் நீ ஊர் போய்ச் சேரமாட்டாய் என்று கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.

பாஸ்கர் அந்தச் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். குழிகளை மூடுவதோடு, கிடைத்த தகரம், சோடா மூடி, ஆணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குப்பைத் தொட்டியில் சேர்ப்பார். ஒருமுறை மோதிரம் ஒன்று கிடைத்து, காவலர் மூலமாக ஒரு சிரியாக்காரக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் தட்டு நிறைய இனிப்பு கொடுத்தனுப்பினார்கள். "கடற்கரையைக் கூட்டிப் பெருக்குறதுக்கு இன்ஜினியரிங் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்" என்று ஜெயலட்சுமி கேலி செய்வாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வராந்தா அமைதியாக இருந்ததில் அவளுக்கு உள்ளூர நிம்மதி.

அந்த நிம்மதி 2004 ஜனவரி வரைதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் கீழ் மாடி சந்தியா வந்து கதவைத் தட்டினாள். திருவாரூர்ப் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டு வருடம்தான். அவள் விசாவில் வந்த புருஷன் அன்பரசன் இங்கே டிரெய்லர் ஓட்டும் வேலையில் சேர்ந்து, அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு இராக்குக்குள் போய்க்கொண்டிருந்தான். வரிசையாக லாரிகள் போகும், முன்னும் பின்னும் துப்பாக்கியோடு வண்டிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் போன் கிடையாது. திரும்பி எல்லை தாண்டியதும் முதல் வேலையாகச் சந்தியாவைக் கூப்பிடுவான். அந்த அழைப்பு வரும் வரை அவள் சோறு தின்கிறாளா, கல் தின்கிறாளா என்று அவளுக்கே தெரியாது.

"அக்கா, தாலியக் காணோம்க்கா" என்றாள்.

முந்தின நாள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வேன் பிடித்து, முத்லா மேட்டைத் தாண்டிப் பாலைவனத்துக்குப் பிக்னிக் போயிருந்தார்கள். குளிர்காலத்தில் குவைத்தே கூடாரம் போட்டுக்கொண்டு அங்கேதான் கிடக்கும். பிரியாணி, பாட்டு, பட்டம், பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. சந்தியாவுக்கு நல்ல பலம் என்று அவளைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தினார்கள். இழுத்த இழுப்பில் எதிரணி மொத்தமும் மண்ணில் விழுந்தது. செயினும் அப்போதே அறுந்திருக்க வேண்டும், அல்லது இற்றுப்போய் அப்புறம் எங்கேயாவது நழுவியிருக்க வேண்டும். குளித்துவிட்டுக் கழுத்தைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

"இப்போதைக்கு மஞ்சக்கயிறு கட்டியிருக்கேன். யூனிஃபார்முக்குள்ள யாருக்கும் தெரியாது. அவரு போயி இத்தன நாள் ஆச்சு, இன்னும் போன் வரல. இந்த நேரத்துல போயி இப்படி..."

"வேற செஞ்சுக்கலாம்மா" என்று ஜெயலட்சுமி ஆரம்பித்தாள்.

"அப்படி மட்டும் சொல்லாதீங்கக்கா. அவரு கட்டினது அது. அவரு எல்லை தாண்டி வர்றதுக்குள்ள அது என் கழுத்துல இருக்கணும். இல்லாட்டி அவருக்கு ஏதாவது..."

நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்த பாஸ்கர் சட்டென்று நின்றார். "மிஷின் எதுக்கு இருக்கு? வர்ற வெள்ளிக்கிழமை போய்ப் பாத்துடுவோம்" என்றார். வாயை விட்டுவிட்டார். வாயை விடுவதில் அவருக்கு நிகர் அவரேதான்.

சந்தியா போனதும் ஜெயலட்சுமி கேட்டாள்: "அந்த மிஸ்ரி என்ன சொன்னான்? பாலைவனத்துல கூடாதுன்னுதானே?"

"புதையலா எடுக்கப் போறேன்? அவ தாலி. நாம உக்காந்து சாப்பிட்ட எடம்."

"அத போலீஸ்கிட்ட சொல்லிப் பாருங்க, மாலை போடுவான்."

அந்த வாரம் பாஸ்கர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஷெட்டில் ஒரே குழாயை மூன்று தடவை சோதித்தார். காற்று வீசினால் ஜன்னலுக்கு ஓடுவார்: மணல் நகர்ந்து தாலியை மூடிவிடுமே! படியில் சந்தியாவைப் பார்த்தால் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, "சாப்டியாம்மா?" என்பார். போன் வரவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரியும். இராக்கில் ரோட்டோரம் குண்டு வைக்கிறார்கள் என்று டி.வி.யில் வந்துகொண்டிருந்தது. பாஸ்கர் கீழ் மாடிக்குப் போய்ச் சந்தியா வீட்டு டி.வி.யின் ஒயரையே பிடுங்கிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். மிஷின் டிக்கியில், போர்வைக்கு அடியில். முத்லா மேட்டில் போலீஸ் வண்டி ஒன்று நின்றதைப் பார்த்துப் பாஸ்கர் வேகத்தைக் குறைத்தார். வண்டி அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

பிக்னிக் நடந்த இடம் அப்படியே இருந்தது. சாம்பல், எலும்பு, கிழிந்த பட்டம். பாஸ்கர் கயிறு இழுத்த இடத்தில் ஆரம்பித்தார். பாலைவனத்தில் இரும்புத் துண்டுகள் அதிகம் என்று, இரும்புச் சத்தத்தை ஒதுக்கிவிடும் பொத்தானைத் தட்டிவிட்டிருந்தார். கடற்கரையிலும் அவர் வழக்கம் அதுதான். தங்கம் இருந்தால் கிணுகிணுக்கும், மற்றதெல்லாம் ஊமை. வரிசை வரிசையாக, நாற்று நடுகிறவர் மாதிரி குனிந்து போனார், வந்தார். இரண்டு நாணயமும் அலுமினியத் தாளும்தான் கிடைத்தன. வெயில் ஏறியது. சந்தியா அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் நின்றால் அவளும் நிற்பாள், அவர் குனிந்தால் அவள் கை கழுத்துக்குப் போகும்.

ஜெயலட்சுமி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, "ஏன்டி, உன் செயின்ல ஊக்கு நெறைய மாட்டி வச்சிருப்பியே, அதுவும் சேந்துதானே போச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. வார்டுல அவசரத்துக்கு ஆவும்னு ஒரு கொத்து தொங்கும்."

பாஸ்கர் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஊக்கு! இரும்பு! உலகத்தில் எந்த ஊர்ப் பெண்கள் தங்கச் சங்கிலியில் இரும்பு ஊக்கைக் கொத்தாகக் கோத்து வைக்கிறார்கள்? மிஷினைக் கொடுத்த ஸ்காட்லாந்துக்காரனுக்கோ, அதைச் செய்தவனுக்கோ இது கனவிலும் தோன்றியிருக்காது. இரும்பை ஒதுக்கச் சொன்னதால், ஊக்குக் கொத்தோடு சேர்த்துத் தாலியையும் மிஷின் ஒதுக்கியிருக்கும். அவர் தலையில் அவரே அடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரி கழுத்திலும் அதே ஊக்குதான் இத்தனை வருடமாகத் தொங்குகிறது.

பொத்தானைத் திருப்பினார். இப்போது பாலைவனம் முழுக்க உறுமியது. திரும்பின பக்கமெல்லாம் கூடார ஆணி, தகர டப்பா, சோடா மூடி. மறுபடி முதலிலிருந்து. தோண்டினார், மூடினார், தோண்டினார். தொழுகை நேரமும் தாண்டிவிட்டது. தாலி இல்லை.

"வேற எங்கயும் போனியாம்மா?" என்று கேட்டார். சந்தியா மண்ணைப் பார்த்தாள். ஜெயலட்சுமி அவளைத் தனியே கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். "அந்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கா. பொம்பளைங்க வேற எங்க போறது? உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு காலைலேருந்து வாயத் தொறக்கல" என்றாள்.

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் அறுந்து கிடந்த கயிறு ஒன்று. ஒரு கம்பி சாய்ந்திருந்தது. அதில் வெயிலில் வெளுத்த பலகை. அபாயம் என்று வரைந்திருந்த மண்டையோடு மட்டும் இன்னும் தெரிந்தது.

இங்கே அவர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்தார். பாதம் வைக்கும் இடத்தை முதலில் மிஷினால் தடவி, சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தாராம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. "போதும், வந்துருங்க!" என்று ஜெயலட்சுமி மேட்டின் மேல் நின்று கத்தினாள்.

அப்போது சத்தம் வந்தது. முதலில் உறுமல், அதற்குள்ளேயே கிணுகிணுப்பு. இரும்பும் நல்ல உலோகமும் ஒன்றாக. ஊக்கும் தங்கமும் சேர்ந்தால் எப்படிக் கேட்குமோ அப்படியே. பாஸ்கர் "இருக்கு!" என்று கத்திவிட்டார்.

மண்டிபோட்டு, மண் தோண்டுகிற கைக்கரண்டியின் நுனியை மணலில் வைத்தார். இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்வோம் என்று மிஷின் வட்டத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். சின்னப் பொருளாக இருந்தால், தூக்கினதும் சத்தம் செத்துவிடும். இது சாகவில்லை. மெல்லிய செயினுக்கு இவ்வளவு தொண்டையா? கொத்து ஊக்கு இருக்கிறதே, அதனால் இருக்கலாம். இருக்கலாம்தான். இல்லாமலும் இருக்கலாம். கம்பெனியில் ஒரு குழாய்மேல் சந்தேகம் வந்தால் அவர் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். யார் கெஞ்சினாலும் பாஸ் பண்ணமாட்டார். இங்கே கெஞ்சிக்கொண்டிருந்தது அவர் மனசேதான்.

கரண்டியை எடுத்துவிட்டார். தான் வைத்த அடிச்சுவட்டிலேயே பின்னால் கால் வைத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக நடந்தார்.

"ஏண்ணே, எடுக்கலையா? இருக்குன்னீங்களே!"

"இருக்கு. ஆனா அது தாலியா குண்டான்னு எனக்குத் தெரியல."

சந்தியா மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள். பாஸ்கர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்தவன் மனைவியின் கையைப் பிடிப்போம் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் திமிறினாள். கயிறு இழுப்பில் ஜெயித்த பலம் அது. அவரையும் சேர்த்து இழுத்தது.

"விடுங்கண்ணே! நான் எடுத்துக்கறேன். எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல!"

"விடமாட்டேன்! செத்துப்போவ!"

"உங்களுக்கென்ன, நீங்க கட்டின தாலி அக்கா கழுத்துல பத்திரமா இருக்கு. அதான் பொறுமையா நிக்கிறீங்க!"

அந்தச் சொல் பாஸ்கரைச் சுட்டது. கோபத்தில் அவள் யாரிடம் பேசுகிறோம் என்றுகூடத் தெரியாமல் பேசினாள். ஜெயலட்சுமி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகுதான் அவர் பிடியை விட்டார். பிறகு போனை எடுத்தார்.

"போலீசுக்கா?" என்றாள் ஜெயலட்சுமி. "மிஷின டிக்கில வச்சு, சும்மா ஏதோ பாத்தோம்னு சொல்லுங்க."

"மண்ணுக்குள்ள இருக்கறத சும்மா எப்படிப் பாத்தேன்னு கேப்பான். எடத்தக் காட்டணும்னா மிஷினையும் காட்டித்தான் ஆகணும்."

"வேலை போயிடும். ஊருக்கு அனுப்பிடுவான்."

"நாம போனப்புறம் இன்னொரு பிக்னிக் வரும்டி. இன்னொரு பொண்ணு இந்தப் பக்கம் வருவா."

போலீஸ் வந்தது, பின்னாலேயே பட்டாளத்து வண்டியும் வந்தது. இளவயது அதிகாரி ஒருவர் பலகையைக் காட்டி, கயிற்றைக் காட்டி, பாஸ்கரைக் கழுவிக் கழுவி ஊற்றினார். மிஷினையும் சிவில் ஐ.டி. அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். இனி எந்த மிஷினையும் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், மற்றதை ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் என்றார். பாஸ்கர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"எதைத் தேடினாய்? தங்கமா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

கல்யாணச் சங்கிலி என்றார் பாஸ்கர். அதற்காகவா, கடையில் வேறு வாங்கினால் என்ன என்றார் அதிகாரி. தாலியை எந்த மொழியில் விளக்குவது? ஜெயலட்சுமிதான் சந்தியாவைக் காட்டி, "ஹஸ்பண்ட், இராக், டிரக் டிரைவர். நோ போன்" என்றாள். அதிகாரி சந்தியாவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் திட்டவில்லை.

தலைக்கவசம் போட்ட பட்டாளத்து ஆள் ஒருவர், வயிற்றால் ஊர்ந்துபோய், பாஸ்கர் காட்டிய இடத்தில் கையால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார். சந்தியா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளின் கை அப்படியே நின்றது. பிறகு கையை உயர்த்தி, எல்லோரும் பின்னால் போங்கள் என்று காட்டினார்.

கையடக்கமான குண்டு. வெளியே இரும்பு, உள்ளே செம்பு என்று அதிகாரி சொன்னார். அதனால்தான் அந்த உறுமலும் கிணுகிணுப்பும். எடுக்க முடியாது, இருந்த இடத்திலேயே வெடிக்க வைக்கவேண்டும் என்று வண்டிகளைத் தொலைவுக்கு ஓட்டச் சொன்னார்கள்.

வெடித்தபோது தரை உதைத்தது. மண் பனைமர உயரத்துக்கு எழும்பி நின்று, மெதுவாகக் கொட்டியது. பாஸ்கர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். கரண்டி பிடித்த கை.

அதிகாரி திரும்பி வந்து, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. இந்தப் பகுதியை முழுக்கச் சுத்தம் செய்ய ஆள் வரும், சங்கிலி கிடைத்தால் சொல்கிறோம், ஆனால் நம்பிக்கை வைக்கவேண்டாம்.

சந்தியா காரில் சாய்ந்து நின்றாள். புகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். பாஸ்கர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, "மன்னிச்சுக்கம்மா, என்னால எடுத்துக் குடுக்க முடியல" என்றார்.

"தாலி போனாப் போவுதுண்ணே" என்றாள் அவள். "அவரு ஓட்டுற ரோட்டுலயும், இத மாதிரி கையப் புடிச்சு நிறுத்துறதுக்கு ஒரு ஆளு இருந்தாப் போதும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.